மூன்று தடவை பெயர் கூப்பிடுவார்

டிசம்பர் 18, புதன்

பட்டம் வாங்க எனக்கு இன்னும் இரண்டு கிரெடிட் குறைகிறது. பதிவாளர் அலுவலகத்து அம்மா கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். நான்கு வருடத்தில் நூற்று இருபத்தாறு எடுத்திருக்கிறேன். வேண்டியது நூற்று இருபத்தெட்டு. குறைகிற இரண்டும் இயற்கை அறிவியல் வகைப் பொதுப் பாடமாக இருக்க வேண்டுமாம். ஜப்பானிய மொழி மூன்று நிலை முடித்தேன், தேநீர் வரலாறு படித்தேன், நீச்சல்கூடப் படித்தேன். எதுவும் செல்லாது.

"ஒரு பொதுப் பாடந்தானேம்மா, எடுத்துடு," என்றார், கடைக்குப் போய் உப்பு வாங்கி வரச் சொல்வது போல.

கடைசி செமஸ்டர் முழுக்கத் துறைமுகக் கம்பெனியில் பயிற்சி. புதன் மதியம் மட்டும்தான் எனக்குச் சொந்தம். புதன் மதியம் நடக்கிற அறிவியல் பொதுப் பாடம் ஒன்றே ஒன்று: 'கொசுவும் நாமும்'. ஆசிரியர் லியாவ். அறுபது இடம். ஒவ்வொரு தடவையும் முந்நூறு பேருக்கு மேல் கேட்கிறார்கள். குலுக்கல். நான் ஐந்து தடவை போட்டு ஐந்து தடவையும் விழவில்லை.

ஜூலையில் தைச்சுங் நகரத்தில் வேலை காத்திருக்கிறது. பட்டம் இல்லாமல் அந்த நாற்காலி எனக்கு இல்லை.

டிசம்பர் 19, வியாழன்

அறைத்தோழி யா-ஹானிடம் புலம்பினேன். அவள் இரண்டாம் வருடத்திலேயே அந்தப் பாடத்தை எடுத்தவள். மொத்தம் நான்கு தடவை வகுப்புக்குப் போனாளாம். தொண்ணூற்றிரண்டு.

"அது சர்க்கரைப் பாகுடீ. உனக்கு எப்படிக் கிடைக்கும்? ஊருக்கே தெரிஞ்சு போச்சே," என்றாள்.

ஊருக்குத் தெரிந்தது எப்படி? பெயர் போடாமல் எழுதுகிற மாணவர் தளத்தில் எல்லாம் கிடக்கிறது. தேநீர்க் கடையில் சர்க்கரை எவ்வளவு, ஐஸ் எவ்வளவு என்று கேட்பார்களே, அது மாதிரி எங்கள் பிள்ளைகள் பாடத்தையும் அளக்கிறார்கள். மதிப்பெண்ணை வாரி வழங்கினால் இனிப்பு. வேலை குறைவென்றால் குளிர்ச்சி. மண்டையில் ஏதாவது ஏறினால் சத்து. சத்தை யாரும் பார்ப்பதில்லை. கட்டம் இருப்பதால் நிரப்புகிறார்கள்.

'கொசுவும் நாமும்' பற்றி நூற்று முப்பத்தொன்பது கருத்துகள். எல்லாமே இனிப்பு, குளிர்ச்சி. "ஆள் கூப்பிட மாட்டார்." "பாவம், நல்லவர்." "தூங்கினால் விளக்கைக் குறைப்பார்."

ஒருவர்கூடக் கசப்பு என்று எழுதவில்லை. ஒருவர் எழுதினால் என்ன?

டிசம்பர் 20, வெள்ளி

எழுதிவிட்டேன். மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில், ஒரு கையில் வறுத்த அரிசிச் சேமியா, ஒரு கையில் போன். மறந்துவிடாமல் இருக்க இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

கொசுவும் நாமும். புதன் மதியம். லியாவ்.
இனிப்பு: இல்லை. குளிர்ச்சி: இல்லை. சத்து: இல்லை.
ஒரே வகுப்பில் மூன்று தடவை பெயர் கூப்பிடுவார். வாராவாரம் தேர்வு. கொசுக் கூண்டுக்குள் கையை விடச் சொல்வார். தயங்கினால் இரண்டு கையும். எனக்கு 43 போட்டார். பட்டம் வேண்டுமென்றால் வேறு பாடம் பார்க்கவும்.

கூண்டு விஷயம் ஏதோ ஒரு வீடியோவில் பார்த்தது. படித்துப் பார்த்தால் எனக்கே அந்த வகுப்பில் சேரப் பயமாக இருந்தது.

அந்த மனிதரை நான் நேரில் பார்த்ததுகூட இல்லை.

டிசம்பர் 27, வெள்ளி

எண்ணூறு பேர் படித்திருக்கிறார்கள். "என் கசினுக்கும் கை வீங்கியது" என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். யார் இந்தக் கசின்?

ஜனவரி 8, புதன்

விழுந்துவிட்டது! முதல் குலுக்கலிலேயே! அம்மாவுக்குப் போன் போட்டேன். "என்ன பாடம்?" என்றாள். "கொசு," என்றேன். "நாலு வருஷம் படிச்சு அதுதான் மிச்சமா?" என்றாள்.

ஜனவரி 9, வியாழன்

குலுக்கலே நடக்கவில்லையாம். பதினொரு பேர்தான் கேட்டிருக்கிறார்கள். பதினைந்து பேர் சேராவிட்டால் பாடம் ரத்து.

இதை நான் யோசிக்கவே இல்லை. கூட்டத்தை விரட்டத்தான் நினைத்தேன். ஆளே இல்லாமல் போகும் என்று நினைத்தேனா? பாடம் ரத்தானால் இரண்டு கிரெடிட் போச்சு, வேலை போச்சு. கெட்டிக்காரத்தனத்துக்குக் குறைச்சலே இல்லை எனக்கு.

ஜனவரி 10, வெள்ளி

பழைய கருத்தை அழித்தேன். புதிதாக ஒன்று எழுதினேன்: மிக இனிப்பு, மிகக் குளிர்ச்சி, அருமையான ஆசிரியர், தயங்காமல் சேரவும்.

பத்து நிமிடத்தில் பதில்: "லியாவ் சார், நீங்கதானே இது?"

அழித்ததும் வீண். எல்லோரும் அதைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். அழித்ததைப் பார்த்துவிட்டு, "மேலேயிருந்து மிரட்டியிருக்காங்க," என்று வேறு பேச்சு.

ஜனவரி 14, செவ்வாய்

யா-ஹானிடம் உண்மையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்தபின், அவளுக்குத் தேவையே இல்லாத இந்தப் பாடத்தில் மறுபடி உட்கார ஒப்புக்கொண்டாள். எடுத்த பாடத்தை மறுபடி எடுத்தால் கிரெடிட் கிடையாது, தலை மட்டும் கணக்கில் வரும். பதிலுக்கு ஜூன் வரை அறை கூட்டுவது, குப்பை வண்டிப் பாட்டுக் கேட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது, எல்லாம் நான்.

பன்னிரண்டு.

பிப்ரவரி 14, வெள்ளி

புத்தாண்டு விடுமுறை முடிந்து பாடம் சேர்க்க, விலக்கக் கடைசி வாரம். பதிவாளர் அலுவலக வாசலில் என்னைப் போல முழிக்கிற நான்காம் வருடக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவராகக் கேட்டேன். அறிவியல் கிரெடிட் குறைகிறதா, கொசு படிக்கிறீர்களா என்று.

கண்ணாடி போட்ட ஒருவன் பின்வாங்கினான். "அங்க கையைக் கடிக்க விடுவாராமே?"

"அதெல்லாம் சுத்தப் பொய்ங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எழுதின ஆளைத் தெரியும். நம்பத் தகுந்த ஆள் இல்லை."

மூன்று பேர் சேர்ந்தார்கள். பதினைந்து. பாடம் நடக்கும். காதலர் தினத்துக்கு நான் எனக்கே ஒரு பெரிய தேநீர் வாங்கிக் கொடுத்தேன். அரைச் சர்க்கரை, ஐஸ் கம்மி.

பிப்ரவரி 19, புதன்

முதல் வகுப்பு.

லியாவ் சார் ஐம்பதைத் தாண்டியவர். முழுக்கைச் சட்டை. கையில் நீளக் காம்பு வைத்த வெள்ளைக் கரண்டி, தேங்கிய தண்ணீரில் கொசுப்புழு அள்ளுவதற்கு. உள்ளே வந்ததும் எங்களைப் பார்த்து ஒரு தடவை சிரித்தார். சிரிப்பை முடித்துவிட்டுப் பெயர் கூப்பிட ஆரம்பித்தார். மாணவர் எண்ணில் என்னுடையதுதான் பழையது என்பதால் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது.

"தெங் ஸு-திங்."

"உள்ளேன் சார்."

யா-ஹான் என் காதில், "இவர் பேரே கூப்பிட மாட்டாரேடீ," என்றாள்.

அப்புறம் திரையில் ஒரு பக்கத்தைப் போட்டார். என்னுடைய கருத்து. வரிக்கு வரி.

அவர் பேசியது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"பல்கலைக்கழகத்துல இனிப்புப் பாடத்தையெல்லாம் தூக்கிடணும்னு ஒரு கமிட்டி போட்டாங்க. மாணவர் தளத்துல வர்ற கருத்தையெல்லாம் அச்சடிச்சு வச்சுப் பார்த்தாங்க. ஏழு பாடத்தைத் தூக்கிட்டாங்க. எட்டாவது நம்மளுது. நமக்கு நூத்தி நாற்பது கருத்து. நூத்தி முப்பத்தொம்பது இனிப்பு. ஒண்ணு இது. இது உண்மையான்னு கேட்டாங்க. இனிமே உண்மைன்னு சொன்னேன். எழுதிக் கொடுத்துக் கையெழுத்தும் போட்டிருக்கேன். மே மாசம் வந்து பார்ப்பாங்க."

கண்ணாடிக்காரன் எழுந்தான். "அப்போ இதெல்லாம் முன்னாடி நடக்கலையா சார்?"

"நடக்கலை."

"அப்போ பொய்தானே?"

"மாணவர் கருத்து," என்றார் சார்.

நடுவில் ஒரு தடவை, முடிவில் ஒரு தடவை பெயர் கூப்பிட்டார். இரண்டு தடவையும் உள்ளேன் என்றேன். கண்ணாடிக்காரன் வெளியே போகும்போது என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

பிப்ரவரி 20, வியாழன்

வகுப்புக்கு உதவியாக இருக்கிற முதுகலை மாணவர் போ-யான் அண்ணாவை உணவுக்கூடத்தில் பிடித்தேன். சார் ஏன் இப்படி என்று கேட்டேன்.

"அவர் எப்பவுமே இப்படித்தான்மா. கருத்துப் படிவத்துல என்ன எழுதினாலும் செஞ்சிடுவார். ஒரு வருஷம் குரல் கேட்கலைன்னு எழுதினாங்க, மைக் வாங்கினார். மறு வருஷம் மைக் இரைச்சல்னாங்க, மைக்கைத் தூக்கி வச்சுட்டார். படம் போட்டுக் காட்டுறது கண்ணை உறுத்துதுன்னாங்க, நிறுத்திட்டார். சார் சிரிக்கிறதே இல்லைன்னு ஒரு பொண்ணு எழுதிச்சு. நேத்து பார்த்தியே."

"பேர் கூப்பிடறது?"

"பத்து வருஷத்துக்கு முன்னாடி கூப்பிட்டுட்டுத்தான் இருந்தார். வேண்டாம்னு எழுதினாங்க."

பன்றி இறைச்சிச் சோற்றைக் கிளறிக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். சார் பிங்துங் என்கிற வெளியூரிலிருந்து ரயிலில் வருகிறவர், பகுதிநேரம். "இங்க அவருக்கு இருக்கிறது இந்த ஒரு வகுப்புதான். இது போச்சுன்னா அவரும் போனார்."

சாப்பாடு இறங்கவில்லை. முழுவதையும் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 26, புதன்

முதல் தேர்வு. பத்துக்கு இரண்டு. ஆண் கொசு என்ன சாப்பிடும் என்பது கேள்வி. "பெண் கொசு மிச்சம் வைத்ததை," என்று எழுதியிருந்தேன்.

மார்ச் 5, புதன்

பத்துக்கு மூன்று. மூன்று தடவையும் உள்ளேன்.

மார்ச் 19, புதன்

இன்று வெளியே கூட்டிப் போனார். விடுதிக்குப் பின்னால், பழைய வாளி, பூந்தொட்டித் தட்டு, மழைக்கோட்டின் மடிப்பு. மழைக்கோட்டு மடிப்பில்கூட, டெங்கு பரப்புகிற ஏடிஸ் கொசு முட்டையிடுமாம். தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் காத்திருக்குமாம்.

சார் கரண்டியை என்னிடம் கொடுத்தார். "மெதுவா, நிழல் விழாம அள்ளணும். நிழலைப் பார்த்தா அடியில போயிடும்."

அள்ளினேன். வெள்ளைக் கரண்டியில் ஒன்பது புழு, வளைந்து நிமிர்ந்து, வளைந்து நிமிர்ந்து. எங்கள் அறை ஜன்னலிலிருந்து பத்தடி தூரம். இரண்டு வருடமாக யா-ஹானும் நானும் கொசுவர்த்திச் சுருளுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

வாளியைக் கவிழ்த்தோம். இவ்வளவுதான் வகுப்பு. ஏனோ நன்றாக இருந்தது. ஏன் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

கல்லறை துடைக்கும் நாள். குடும்பத்தோடு மலையடிவாரம் போனோம். அப்பா புல் வெட்டினார். அத்தை பழம், கேக், ஊதுபத்தி எல்லாம் அடுக்கினாள். வருடா வருடம் இங்கே வந்து கடிபட்டுச் சொறிந்துகொண்டே திரும்புகிறோம். தாத்தா கல்லறையின் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய பூ ஜாடி. போன வருடத்துத் தண்ணீர்.

குனிந்து பார்த்தேன். முப்பத்தொரு புழு.

"தாத்தாவைக் கும்பிடச் சொன்னா ஜாடிக்குள்ள என்னடி எண்ணிட்டிருக்கே?" என்றாள் அத்தை.

"டெங்கு அத்தை."

"நல்ல நாளும் அதுவுமா வாயைக் கழுவு."

தாத்தாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஜாடியைக் கவிழ்த்தேன். பக்கத்துக் கல்லறையிலும் அதே ஜாடி. கைகூப்பி அவர்களிடமும் அனுமதி கேட்டேன். அதற்குப் பக்கத்திலும். மதியம் ஆவதற்குள் ஐம்பத்திரண்டு வீட்டாரிடம் அனுமதி கேட்டாகிவிட்டது. அப்பா காரில் காத்திருந்தார். "உன் பொண்ணு ஊர்ப் பெரியவங்களையெல்லாம் விசாரிச்சுட்டு வர்றா," என்று அத்தை அவரிடம் சொன்னது காதில் விழுந்தது.

இதையே செமஸ்டர் ஆய்வாக எழுதப் போகிறேன்.

ஏப்ரல் 23, புதன்

பத்துக்கு நான்கு. இதுதான் இதுவரை அதிகம். போ-யான் அண்ணா பட்டியலைக் காட்டினார். தேர்வுக்கு நாற்பது, ஆய்வுக்கு முப்பது, வருகைக்கு முப்பது. அறுபது எடுத்தால்தான் தேர்ச்சி. நான் கரையோரமாகத்தான் போய்க்கொண்டிருக்கிறேன். எந்தப் பக்கம் விழுவேன் என்று சொல்ல முடியாதாம்.

மதிப்பெண் கூட்டிப் போட்டால் கமிட்டிக்குத் தெரிந்துவிடும், அதனால் சாரிடம் போய் நிற்காதே என்றும் சொன்னார். நிற்கிற எண்ணம் இருந்தது. இப்போது இல்லை.

மே 7, புதன்

சார் கடைசியில் கேட்டார்: "அடுத்த வாரம் கமிட்டி வருது. எல்லாம் சரியா நடந்துட்டிருக்கு. கூண்டு மட்டும் பாக்கி. ஆய்வகத்துல வளர்த்த கொசு, நோய் எதுவும் கிடையாது. யாரையும் கட்டாயப்படுத்த மாட்டேன். யாராவது கை விடறீங்களா?"

எல்லோரும் கையை மேஜைக்கடியில் இழுத்துக்கொண்டார்கள். சார் சொன்னார்: "இது நிஜமாவே இருக்கிற முறைதான். கொசு மருந்தைச் சோதிக்க அப்படித்தான் பண்ணுவாங்க. அந்தக் கருத்தை எழுதினவர் இந்தத் துறை தெரிஞ்சவரா இருக்கணும். அதான் எனக்கு ஒரு சந்தோஷம்."

யா-ஹான் மேஜைக்கடியில் என் காலை மிதித்தாள்.

கையைத் தூக்கினேன்.

மே 14, புதன்

ஊதிப்போன வலது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணல்.

கமிட்டியிலிருந்து ஒரு அம்மையாரும் ஒரு ஐயாவும் வந்தார்கள். அம்மையார் கையில் என் கருத்து அச்சடித்த தாள். பேனாவால் ஒவ்வொன்றாகக் குறி போட்டார். முதல் தடவை பெயர் கூப்பிட்டது, குறி. தேர்வு, குறி. நடுவில் பெயர் கூப்பிட்டது, குறி. பிறகு கூண்டு வந்தது. ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டு, முழங்கை வரை உள்ளே விட்டேன். மூன்று நிமிடம்.

முதல் அரை நிமிடம் ஒன்றும் இல்லை. அப்புறம் விருந்துக்குப் பந்தி போட்டது மாதிரி உட்கார்ந்தன.

"தயங்கினால் இரண்டு கையும்னு போட்டிருக்கே?" என்றார் அம்மையார்.

"அவங்க தயங்கலை," என்றார் சார்.

குறி.

"அடுத்து, சத்து: இல்லை. இதை எப்படிச் சரிபார்க்கிறது?"

சார் இத்தனை மாதத்தில் எதைக் கேட்டாலும் உடனே பதில் சொல்கிறவர். இப்போது கையில் இருந்த கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அது மாணவர் கருத்து. எழுதினவங்களுக்கு அப்படித் தோணியிருக்கு. நான் மறுக்க முடியாதுங்க."

"அப்போ சத்து இல்லைன்னு ஒத்துக்கிறீங்களா?"

"பதினாறு வருஷமா நடத்தறேன். இருக்குன்னுதான் நினைச்சிட்டிருந்தேன்."

அம்மையார் பேனாவைத் தாளில் வைத்தார். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை.

"இருக்கு," என்றேன். சத்தமாகவே வந்துவிட்டது.

"என்ன இருக்கு?"

"சத்துங்க. சத்து இருக்கு. எங்க தாத்தா கல்லறை ஜாடியில முப்பத்தொண்ணு இருந்துச்சு. நாங்க இருபது வருஷமா அங்க போறோம், ஒருத்தர்கூடக் குனிஞ்சு பார்த்ததில்லை. ஐம்பத்திரண்டு கல்லறையில நாற்பத்தாறுல புழு. ஊராட்சிக்கு எழுதிப் போட்டேன், அவங்க வந்து எல்லா ஜாடிக்கும் அடியில ஓட்டை போட்டுட்டுப் போயிருக்காங்க. தேர்வுல எனக்குப் பத்துக்கு மூணுதான் வரும். ஆனா இருக்கு."

"சரிம்மா, கையை எடு. மூணு நிமிஷம் ஆயிடுச்சு," என்றார் கமிட்டி ஐயா.

கடைசியாகப் பெயர் கூப்பிட்டார் சார். உள்ளேன் என்றேன். அம்மையார் குறி போட்டார். சத்துக்கு நேரே என்ன போட்டார் என்று தெரியவில்லை.

இருபத்து மூன்று கடி. கண்ணாடிக்காரன் வகுப்பு முடிந்ததும் ஒரு மருந்துக் களிம்பைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டுப் போனான்.

மே 17, சனி

மூன்று நாளாக ஒரே யோசனை. சொன்னால் ஃபெயில் போடுவாரா? போடலாம். போட அவருக்கு உரிமை இருக்கிறது. பட்டம் போகும், தைச்சுங் போகும். சொல்லாவிட்டால் ஒன்றுமில்லை, யாருக்கும் தெரியாது. யா-ஹான் வாயைத் திறக்கமாட்டாள்.

ஆனால் அவர் அந்தக் கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரே. அதை நான் என்ன பண்றது? எனக்கு அவமானமா இருக்கு. வகுப்பு வாசலைக்கூட மிதிக்காத கழுதை நான், சத்து இல்லைன்னு எழுதிட்டேன். மத்த பொய்யாவது இடத்துக்காகச் சொன்னது. இது எதுக்கு? கட்டம் இருந்துச்சு, நிரப்பினேன். அவ்வளவுதான்.

மே 21, புதன்

சொல்லிவிட்டேன்.

வகுப்பு முடிந்து அவர் ரயில் நிலையத்துக்கு நடந்தார். பின்னாலேயே போய், "சார், அந்தக் கருத்தை எழுதினது நான்தான்," என்றேன்.

நின்றார். "எந்தக் கருத்து?"

"கூண்டு. மூணு தடவை பேரு. நாற்பத்து மூணு மார்க். எல்லாம் நான் சும்மா எழுதினது சார். கூட்டம் குறையணும்னு எழுதினேன். எனக்கு இடம் வேணும்."

பையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டார். பிறகு கேட்டார்:

"துறை தெரிஞ்சவங்க இல்லையா?"

"இல்லை சார். வீடியோல பார்த்தேன்."

"ஓ."

அந்த 'ஓ'வுக்குப் பதில் அவர் திட்டியிருக்கலாம்.

"வகுப்புக்கே வராம, சத்து இல்லைன்னு எப்படித் தெரிஞ்சது?"

"தெரியாது சார். எல்லாரும் சும்மா நிரப்பறது. மன்னிச்சிடுங்க சார்."

"மத்ததெல்லாம் நல்ல யோசனைதான். பேர் கூப்பிட்ட பிறகுதான் எனக்கு உங்க முகமெல்லாம் தெரிஞ்சது. பத்து வருஷமா தெரியாம நடத்தியிருக்கேன். அந்த ஒரு வரியைத்தான் டிசம்பர்லேர்ந்து தினமும் படிச்சிட்டிருந்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வலது கையால் துடைத்தேன், அது அரித்தது, இடது கையால் சொறிந்தேன். பார்க்கச் சகிக்கவில்லையோ என்னவோ, அவர் ஒரு தடவை சிரித்தார். வகுப்பு ஆரம்பத்தில் சிரிக்கிற அதே சிரிப்பு. அடுத்த வாரமும் தேர்வு இருக்கிறது, கியூலெக்ஸ் கொசு பற்றிப் படித்துவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டு ரயிலுக்குப் போனார்.

மே 28, புதன்

பத்துக்கு ஐந்து.

ஜூன் 4, புதன்

கடைசி வகுப்பு. நாற்பத்தெட்டாவது உள்ளேன். நாற்பத்தெட்டையும் தவறவிடாதவள் வகுப்பில் நான் ஒருத்திதானாம்.

ஜூன் 18, புதன்

மதிப்பெண் வந்துவிட்டது. காலையிலிருந்து பக்கத்தைத் திறக்காமல் துணி துவைத்தேன், அறை கூட்டினேன், யா-ஹானின் துணியையும் துவைத்தேன். அவளே திறந்து படித்தாள்.

தேர்வு: பதினான்கு. ஆய்வு: பதினேழு, ஆறு ஜாடியை இரண்டு தடவை எண்ணியிருக்கிறேன் என்று ஓரத்தில் குறிப்பு. வருகை: முப்பதுக்கு முப்பது.

அறுபத்தொன்று.

"நீ கட்டிவிட்ட பொய்தான்டீ உன்னை பாஸ் பண்ண வச்சிருக்கு," என்றாள் யா-ஹான்.

சரிதான். சார் ஒரு மதிப்பெண்கூடச் சேர்த்துப் போடவில்லை, ஒன்றுகூடக் குறைக்கவுமில்லை. அம்மாவுக்குப் போன் செய்தேன். "கொசு பாஸ்," என்றேன்.

ஜூன் 20, வெள்ளி

போ-யான் அண்ணா சொன்ன செய்தி: கமிட்டி பாடத்தை ரத்து செய்யவில்லை. இன்னும் ஒரு செமஸ்டர். ஆனால் பதினைந்து பேர் சேர வேண்டும். இந்தப் பெயரோடு யார் சேருவார்கள்?

மாணவர் தளத்தில் எழுதினேன். இந்தத் தடவை வகுப்பில் இருந்துவிட்டு எழுதினேன்:

கொசுவும் நாமும். புதன் மதியம். லியாவ்.
இனிப்பு: இல்லை. குளிர்ச்சி: இல்லை. சத்து: இருக்கிறது.
ஒரே வகுப்பில் மூன்று தடவை பெயர் கூப்பிடுவார். வாராவாரம் தேர்வு. கூண்டு உண்டு, கை அவரவர் விருப்பம். எனக்கு 61. டிசம்பரில் வந்த கருத்தை எழுதியதும் நான்தான். அப்போது அது பொய். இப்போது உண்மை.

அனுப்பியபின் மறுபடி படித்தேன். இதைப் பார்த்து ஒரு ஆள்கூடச் சேராது. உண்மை எழுதினால் அவர் வகுப்பு போகும், பொய் எழுதினால் மறுபடி பொய். வேறு என்ன செய்வது? விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

தைச்சுங். இறக்குமதிப் பிரிவு. என் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு பூந்தொட்டி. அடித்தட்டைத் தினமும் துடைக்கிறேன். பக்கத்து மேஜை லோ அக்கா என்னைச் சுத்தக்காரி என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார்.

செப்டம்பர் 3, புதன்

யா-ஹான் படம் அனுப்பியிருந்தாள். என் கருத்துக்குக் கீழே நூற்றுக்கணக்கில் பதில்கள்.

"ஒரே ஆள் ரெண்டு தடவை வந்து பயமுறுத்துதுன்னா உள்ள ஏதோ இருக்கு."

"சீட்டைக் காப்பாத்தறாங்க. நம்பாதீங்க."

"சத்து இருக்காமே, நல்லா சமாளிக்கிறாங்க. அசல் சர்க்கரைப் பாகு."

"நன்றி. முதல் விருப்பமா போட்டுட்டேன்."

அறுபது இடத்துக்கு இருநூற்று முப்பத்தொரு பேர். குலுக்கல்.

செப்டம்பர் 10, புதன்

மாலை ஐந்தரைக்குப் போ-யான் அண்ணாவிடமிருந்து செய்தி.

"முதல் வகுப்பு முடிஞ்சது. அறுபது பேரும் முழிச்சு உக்காந்திருந்தாங்க. சார் மறந்துபோய்ப் பழைய பட்டியலை எடுத்துட்டு வந்துட்டார். முதல்ல உன் பேரைக் கூப்பிட்டார். பதில் வரலை. அப்புறம் நான் புதுப் பட்டியலைக் கொடுத்தேன்."

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று:

"நடுவுலயும் கடைசியிலயும் கையில புதுப் பட்டியல்தான் இருந்துச்சு. அப்பவும் உன் பேர்லதான் ஆரம்பிச்சார்."

"உள்ளேன் சார்," என்றேன்.

லோ அக்கா எட்டிப் பார்த்தார். "யாரும்மா போன்ல, மேனேஜரா?"

இல்லைக்கா என்றேன்.